போனக்காடும் பொருநைப் புறமும்: பொதியில் மலைக் காப்புக் காடுகளின் வரலாறு குறித்து

வறண்ட நிலத்தின் வனவிலங்குச் சரணாலயங்களைப் பற்றி எழுதுவோர் தார்ப் பாலைவனத்தையே முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். இராஜஸ்தானத்தில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள பாலைவனத் தேசியப் பூங்கா அவ்வெழுத்துகளுக்கு நிலையான எடுத்துக்காட்டாகிவிட்டது. தென்தமிழகத்தின் வறட்சி அவ்வகையைச் சேர்ந்ததன்று. இங்கு வறட்சியை உண்டாக்குவது மலையே. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் நீரைப் பொதியில் மலைத்தொடர் தன் மேற்குச் சரிவில் தடுத்து வாங்கிக்கொள்கிறது. கிழக்கே இறங்கும் காற்று உலர்ந்த காற்றாகிறது. இதனால் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சமவெளி மழை மறைவுப் பகுதியாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 700 மி.மீட்டருக்கும் குறைவு. ஆயினும் அதே மலையிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கும் தாமிரபரணியாகிய பொருநையே அச்சமவெளியை வாழவைக்கிறது.

இம்மலையின் மேற்கு அடிவாரத்தில், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், விதுரையை அடுத்து அமைந்துள்ள தேயிலைத் தோட்டச் சிற்றூர் போனக்காடு. அகத்தியர் கூடம் என வழங்கும் 1,868 மீட்டர் உயரச் சிகரத்திற்குப் பொதுமக்கள் உரிய அனுமதியுடன் ஏறிச்செல்ல இன்று திறந்திருக்கும் வழி இவ்வூரிலிருந்தே தொடங்குகிறது. தமிழ் மரபு தன் தொன்மையோடு பிணைத்துப் பேசும் மலைக்கு வாயிலாக ஒரு தோட்டச் சிற்றூர் அமைந்த வரலாற்றையும், அம்மலையின் இருபுறமும் காப்புக் காடுகள் உருவான முறையையும், அவ்வுருவாக்கத்தில் விடுபட்டுப்போன மக்களையும் பற்றி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஈரமான மேற்குச் சரிவைக் கேரள வரலாறாகவும் வறண்ட கிழக்குச் சமவெளியைத் தமிழக வரலாறாகவும் பிரித்து எழுதும் போக்கு, இரண்டையும் சரிவர விளங்கவிடுவதில்லை என்பது கட்டுரையாளர் கருத்து.

பொதியிலும் எல்லைக்கோடும்

சங்கப் பாடல்களில் பொதியில், ஆய் அண்டிரனின் மலையாகவே முதன்மையாக அறியப்படுகிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் இதற்குச் சான்று. கிரேக்க நிலநூலாரான தாலமி குறிப்பிடும் ‘பெட்டிகோ’ மலையைப் பொதிகையோடும், ‘ஆயோய்’ என்னும் இனத்தாரை ஆய் மரபினரோடும் அறிஞர் பொருத்திக் காட்டியுள்ளனர். அகத்தியரைத் தமிழ் இலக்கணத்தோடும் இம்மலையோடும் இணைத்துப் பேசும் விரிவான செய்திகள் பிற்காலத்து உரைகளிலும் காப்பியங்களிலும் புராணங்களிலுமே மிகுதியாகக் கிடைக்கின்றன. அவலோகிதேசுவரர் உறையும் ‘போதலகம்’ பொதியிலே எனச் சப்பானிய அறிஞர் சூ ஹிகோசகா நிறுவ முயன்றார். மலய மலைக்குக் கிழக்கே போதலக மலை உள்ளதாகச் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதியிருப்பது அவர் வாதத்திற்குத் துணைநின்றது. அம்முடிபை ஏற்பினும் ஏலாவிடினும், குறுநில வேளிர், பௌத்தர், சைவர், சித்த மருத்துவர் எனப் பலரும் உரிமை கொண்டாடிய மலை இது என்பதில் ஐயமில்லை.

இம்மலையின் மீது நாட்டெல்லை நெடுங்காலமாகவே ஓடியது. மேற்கே திருவிதாங்கூரும் கிழக்கே பாண்டி நாட்டுப் பாளையங்களும், பின்னர் ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டமும் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மாநில மறுசீரமைப்பில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெடுமங்காடும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. இம்மறுசீரமைப்பு பற்றிய தமிழ் நூல்கள் தேவிகுளம், பீர்மேடு இழப்பை விரிவாகப் பேசும் அளவிற்குப் பொதியில் சிகரம் எல்லைக்கு அப்பால் அமைந்ததைப் பேசுவதில்லை. தேயிலையும் ஏலக்காயும் விளைந்த நிலத்திற்கு இருந்த அரசியல் எடை, தொன்மம் விளைந்த சிகரத்திற்கு இல்லாமற் போயிற்று போலும்.

ஆய்வுக்கூடமும் தோட்டமும்

அகத்தியர் கூடத்தின் மீது முதன்முதலாக நிலையான கட்டடம் எழுப்பி அறிவியல் ஆய்வு நடத்தியவர் ஜான் ஆலன் புரௌன். சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வான் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை 1852இல் ஏற்ற இவர், புவிக்காந்தத்தின் அன்றாட மாற்றம் உயரத்தால் வேறுபடுகிறதா என அறிய விரும்பினார். 1855இல் சிகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் யானையும் அட்டையும் நிறைந்த காட்டின் வழியே மனிதத் தோள்களே மேலேற்றின. திருவனந்தபுரத்திலும் ‘அகஸ்தியா மல்லி’யிலும் எடுத்த காந்த அளவீடுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. திருவனந்தபுரத்தில் அருங்காட்சியகமும் உயிரியல் பூங்காவும் அமைந்ததிலும் இவருக்குப் பங்குண்டு. காட்டு விலங்கைக் கூண்டிலிட்டு நகரத்தாருக்குக் காட்டும் வழக்கமும், மலையை அளந்து பதிவு செய்யும் வழக்கமும் இந்நாட்டில் ஒரே பத்தாண்டில், பெரும்பாலும் ஒரே கைவழியாக வந்தன என்பது குறிக்கத்தக்கது.

அடுத்து வந்தவர்கள் தோட்டக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசம்பு மலைப் பகுதியெங்கும் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. இலைத்துரு நோயால் காப்பி அழிந்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பொன்முடி வட்டாரத்தில் இன்றும் வழங்கும் தோட்டப் பெயர்களான மெர்ச்சிஸ்டன், பிரேமோர், இன்வர்கால்ட் ஆகிய மூன்றும் ஸ்காட்லாந்து நாட்டு இடப்பெயர்கள். இவற்றோடு சேர்த்து நோக்கும்போது போனக்காடு என்னும் பெயரின் பிறப்பு தெளிவாகிறது. பழைய தோட்டப் பதிவுகளிலும் பறவை ஆய்வுக் குறிப்புகளிலும் இவ்வூர் ‘பான் அக்கார்டு’ என்றே காணப்படுகிறது. பிரெஞ்சு மொழியில் நல்லிணக்கம் எனப் பொருள்படும் இத்தொடர், ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தின் குறிக்கோள் தொடராகும். இன்வர்கால்டும் அபர்தீன் சீமையைச் சேர்ந்ததே.

‘போனகம்’ என்னும் பழஞ்சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்தலாமா என்னும் வினா எழலாம். அக்கம்பக்கத்துத் தோட்டப் பெயர்கள் அதற்கு இடந்தரவில்லை. அயல் தொடரின் ஈற்றொலியைக் கேட்ட தமிழ், மலையாளச் செவிகள் அதைத் தமக்குப் பழக்கமான ‘காடு’ என்னும் சொல்லாகப் பிரித்துணர்ந்தன எனக் கொள்வதே பொருந்தும். காட்டை அழித்து உண்டான ஊர் தன் பெயரில் காட்டைப் பெற்றது. மொழியியலார் மக்கள் வழக்குச் சொற்பிறப்பு எனக் குறிக்கும் இம்மாற்றத்திற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு தேடுதல் அரிது.

இப்பெயரை இவ்வாறு மாற்றி வழங்கியோர் யாவர் என்னும் கேள்வி முதன்மையானது. திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே ஆள் திரட்டப்பட்ட நிலம் பெரும்பாலும் கிழக்கே இருந்த திருநெல்வேலிச் சமவெளியாகும். மழை பொய்த்த ஆண்டுகளில் வறண்ட நிலத்து மக்கள் மழை மிகுந்த சரிவை நோக்கிச் சென்றனர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு வழங்கும் ‘லயம்’ என்னும் பெயரும் ஆங்கிலச் சொல்லின் திரிபே. இலங்கை மலையகத்தில் அது ‘லயன்’ எனவும் வழங்கும். கொழும்பு ஆவணங்களையும் தோட்டத் துரைமாரின் நினைவுக் குறிப்புகளையும் கொண்டு இலங்கைத் தோட்டத் தமிழர் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. நூறு கிலோமீட்டர் கூடக் கடக்காது மலையின் மறுபுறம் சென்றவர்களின் வரலாறு அந்த அளவிற்கு எழுதப்படவில்லை.

காப்புக் காடுகளின் உருவாக்கம்

தோட்டங்கள் பரவிய மலையில் காப்புக் காடுகள் இருபுறமும் தனித்தனியே எழுந்தன. மேற்கே நெய்யாறு சரணாலயம் 1958இல் அமைந்தது. கரமனையாற்றின் குறுக்கே திருவனந்தபுரம் நகரக் குடிநீருக்காகக் கட்டப்பட்ட பேப்பாறை அணை 1983இல் பயன்பாட்டிற்கு வந்தது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கும் பொருட்டு அதே ஆண்டில் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. போனக்காடு இச்சரணாலயத்தை ஒட்டி அமைந்துள்ளது. செந்துருணி சரணாலயம் 1984இல் வந்தது. கிழக்கே முண்டந்துறை 1962இல் புலிகள் சரணாலயமாகவும், களக்காடு 1976இல் சோலைமந்திக்கான சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் இணைந்து 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. 2001இல் இருமாநிலக் காடுகளையும் ஒன்றாக்கி ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் அது இடம்பெற்றது. 2022இல் தமிழகப் பக்கம் அகத்தியமலை யானைகள் காப்பகமும் அமைந்தது.

இவ்வறிவிப்புகளின் உட்காரணத்தை நோக்கின், விலங்கைவிட நீரே முந்தி நிற்பது புலனாகும். பேப்பாறையில் அது வெளிப்படை. கிழக்கேயும் பாபநாசம் மேலணை, மணிமுத்தாறு, சேர்வலாறு, கடனா, இராமநதி என அணைகளின் வரிசையே காட்டின் அடிவாரத்தை வரையறுக்கிறது. புலியின் பெயரால் காக்கப்படும் காடு, உண்மையில் நெல்லின் பொருட்டும் நகரக் குழாயின் பொருட்டும் காக்கப்படுகிறது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் காட்டினால் பயன்பெறுவோர் யார், அதற்காக விட்டுக்கொடுத்தோர் யார் என்ற கணக்கு இதனால்தான் எழுகிறது.

சமவெளியின் சரணாலயங்கள்

மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் வறண்ட நிலத்திற்கே உரிய இரண்டு சிறு சரணாலயங்களைக் காணலாம். தாமிரபரணிக்கு அருகே குன்றும் முட்புதரும் கொண்ட வல்லநாடு, வெளிமான்களுக்காக 1987இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் தென்கோடியில் உள்ளது இதுவே. நெடுமரமும் இடையறா ஈரமும் வெளிமானுக்கு ஆகா. திறந்த புல்வெளியும் வெயிலும் வேண்டும். வறண்ட நிலத்தைத் தரிசு எனக் கணக்கெழுதி மரம் நட்டுவிடும் வழக்கம் இவ்வகை உயிர்களுக்குக் கேடாகவே முடியும்.

மற்றொன்று நாங்குநேரிப் பகுதியில் உள்ள கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்குளத்தின் பரப்பு ஏறத்தாழ 129 ஹெக்டேர். 2022இல் இது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பூநாரையும் கூழைக்கடாவும் செங்கால் நாரையும் வந்து தங்கும் இவ்வூரில், அரசு அறிவிப்பிற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் பறவைகளைக் காத்துவந்தனர். வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டும் பறவைகளை அவர்கள் நற்பேறாகக் கருதுகின்றனர். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலைக் கோடையில் எடுத்து வயலுக்கு உரமாக இடுகின்றனர். நம்பிக்கையும் பயனும் இங்குப் பிரிந்து நிற்கவில்லை. இக்குளம் தன் வானத்து மழையை மட்டும் நம்பி நிறைவதன்று. மணிமுத்தாறு, பச்சையாறு அணைகளின் நீர் வந்து சேர்ந்தாலே நிறையும். பச்சையாறு களக்காட்டு மலையில் பிறக்கிறது. எனவே கூந்தன்குளத்துப் பூநாரையின் வரவு, பொதியில் மலைத்தொடரின் சோலைக்காடு எவ்வளவு நீரைத் தேக்கி எவ்வளவு காலம் கசிய விடுகிறது என்பதைப் பொறுத்தது. சுற்றுலாத் துறையின் கையேடுகள் இரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் தனித்தனிக் ‘காண வேண்டிய இட’ங்களாக அச்சிடுகின்றன, நீர் அவ்வாறு பிரிந்து ஓடுவதில்லை.

வாயிலில் நிற்போர்

போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வழியாக அகத்தியர் கூடத்திற்குச் செல்லும் நடைப்பயணம் ஆண்டுதோறும் ஜனவரியில் தொடங்குகிறது. கேரள வனத்துறை நாள்தோறும் வரம்பிட்ட எண்ணிக்கையில் அனுமதி வழங்குகிறது. கிழக்கே பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம் வழியே தமிழ்நாட்டு அடியவர்கள் ஏறிவந்த பழைய வழி புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில் அடங்கியதால் அடைபட்டது. காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழா மட்டும் வனத்துறைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத் தொடர்கிறது. திருநெல்வேலியில் பிறந்த ஒருவர் தம் ஊர் ஆற்றின் பிறப்பிடச் சிகரத்தைக் காண, மலையைச் சுற்றித் திருவனந்தபுரம் சென்று பின் போனக்காட்டிற்கு வரவேண்டியுள்ளது.

நெடுங்காலம் இப்பயணத்தில் பெண்களுக்கு இடமில்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பால் வேறுபாடு காட்டலாகாது எனத் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல், அத்தீர்ப்பிற்குப்பின் சிகரம் ஏறிய முதற்பெண்ணானார். அகத்தியரைத் தம் குலமுதல்வராக வழிபடும் காணிக்காரர் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றத் தீர்ப்பு சரியானதே. எனினும் மலை பற்றிய ஒரு முடிவில் காணிகளின் குரல் செய்தியாக வெளிவந்த அரிய தருணமாகவும் அது அமைந்ததை மறத்தற்கில்லை. இதற்கு முன்பு அவர்கள் பெயர் பரவலாகப் பேசப்பட்டது ‘ஆரோக்கியப்பச்சை’ மூலிகையை ஒட்டியேயாம். 1987இல் ஆய்வுப் பயணம் சென்ற அறிவியலாருக்கு வழிகாட்டிய காணிகள், களைப்புத் தீரத் தின்ற காயிலிருந்து அது வெளியுலகிற்குத் தெரியவந்தது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, 1995இல் உரிமம் வழங்கி, கட்டணத்தில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. மரபறிவிற்குப் பங்கு தந்த முன்னோடி ஏற்பாடாக உலக அரங்கில் அது பேசப்பட்டது. காணிகளுக்குக் கிடைத்த இந்த அளவு ஏற்பும் லயத்து மக்களுக்குக் கிடைக்கவில்லை.

போனக்காட்டுத் தேயிலைத் தொழிற்சாலை பல ஆண்டுகளாக இயக்கமற்றுக் கிடக்கிறது. ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றதும், லயங்கள் இடிந்து ஒழுகுவதும் செய்தித்தாள்களில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. இளையோர் வெளியேறினர், முதியோர் எஞ்சினர். இவ்வூரைத் தேடி இன்று வரும் பயணிகளில் ஒரு சாரார் மலையேறுவோர். மற்றொரு சாரார், துரைமார் கைவிட்ட பழைய பங்களாவில் பேய் உலவுவதாகப் பரவிய கதையால் ஈர்க்கப்பட்டோர். பாழடைந்த பங்களா காட்சிப் பொருளாகிறது. சற்று அப்பால் பாழடைந்துவரும் லயத்தில் மனிதர் வாழ்வது எவர் கண்ணிலும் படுவதில்லை.

மலையின் மறுமுகத்தில் இதற்கு இணையான வரலாறு மாஞ்சோலையினுடையது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பம்பாய் பர்மா நிறுவனம் ஏறத்தாழ 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தோட்டங்களை உருவாக்கியது. 1999 ஜூலை 23இல் தொழிலாளர் கோரிக்கைகளுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின்மீது காவல்துறை தடியடி நடத்தியபோது, தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்தனர். 2018இல் அந்நிலம் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிவது 2028 என்ற நிலையில் 2024இல் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு வழங்கப்பட்டது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் இத்தோட்டங்களை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. காடு மீள்வது நலமே. நீரை நம்பியுள்ள சமவெளிக்கு அது தேவையும் ஆகும். காட்டை அழித்த ஆதாயம் ஒருவரிடமும், அதனை மீட்கும் விலை வேறொருவரிடமும் போய்ச்சேர்வதே இங்குள்ள சிக்கல். மேற்கே போனக்காட்டில் தோட்டம் மெல்ல நின்றுபோயிற்று; கிழக்கே மாஞ்சோலையில் சட்டத்தின் வழி நிறுத்தப்பட்டது. இரண்டிலும் வெளியேறுவோர், சில தலைமுறைக்கு முன் ஒரே வறண்ட சமவெளியிலிருந்து ஏறிவந்தவர்களின் வழியினர்.

வழித்தடப் பெயர்கள்

மக்கள் வெளியேறும்போது அவர்களோடு வழக்கொழியும் சொற்களுள் இடப்பெயர்கள் முதன்மையானவை. போனக்காட்டிலிருந்து அதிருமலை வழியே சிகரம் வரையுள்ள தடத்தில் இலாத்திமொட்டை, கரமனையாறு, வாழைப்பிந்தியாறு, அட்டையாறு, ஏழுமடக்குத்தேரி, முட்டிடிச்சான்தேரி என்னும் பெயர்கள் வருகின்றன. அருகே செம்முஞ்சிமொட்டை உள்ளது. மரமற்ற புல்முகடு ‘மொட்டை’ ஆகிறது. முழங்கால் முகத்தில் இடிக்குமளவு செங்குத்தான ஏற்றம் ‘முட்டிடிச்சான்’. மலையாளம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் காணிகளும் ஒருங்கே விளங்கிக்கொள்ளும் பெயர்கள் இவை. எம்மொழிக்குரியவை என வழக்காடுவதில் பயனில்லை.

இவற்றுள் ‘தேரி’ என்னும் சொல் தனியே கருதத்தக்கது. திருவனந்தபுரம் வட்டாரத்திலும் குமரி மாவட்டத்திலும் அது ஏற்றத்தை, மேட்டைக் குறிக்கும். தேரிமேல்விளை என ஊர்ப்பெயரும் உண்டு. களக்காட்டு மலையில் செங்கல்தேரி என்னும் வனத்துறை முகாம் அமைந்துள்ளது. சமவெளிக்கு வந்தால் சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பகுதிகளின் செம்மணற் குன்றுகளே தேரி. குதிரைமொழித் தேரி பலரும் அறிந்தது. தமிழ் அகராதிகள் மணற்குன்று என்னும் இப்பொருளையே தருகின்றன. இத்தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை ஆராய்ந்து சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் எழுதிய கட்டுரை, தென்தமிழகத்தின் தொல்பழங்கால வாழ்வை வெளிப்படுத்திய ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று, மகேந்திரகிரி அடிவாரத்து நாங்குநேரிச் சமவெளியின் செம்மண்ணை அள்ளிச்சென்று கடலோரம் குவித்ததால் தேரி உண்டாயிற்று என நிலவியலார் விளக்குவர். அதே காற்றுத்தான் மேற்கே போனக்காட்டில் மழையாகக் கொட்டுகிறது. மேற்குச் சரிவில் ஏற்றத்திற்கும், கிழக்குக் கடலோரத்தில் மணற்குன்றிற்கும் ஒரே சொல் வழங்குவதால், உயர்ந்தெழும் மேடு என்பதே அதன் அடிப்பொருளாதல் கூடும். மணல் என்னும் பொருள் நிலத்தால் வந்தேறியது. இதனை உறுதி செய்ய லயங்களிலும் காணிக் குடியிருப்புகளிலும் மாஞ்சோலையிலிருந்து இறங்கியோர் இன்று வாழும் ஊர்களிலும் வழங்கும் இடப்பெயர்களைத் தொகுத்து ஒப்பிட வேண்டும். போனக்காட்டு லயங்களில் எஞ்சியுள்ள முதியோரிடமிருந்து அப்பணி தொடங்குவது பொருந்தும்.